நாதன் டில்லின் கல்யாணச் சட்டை

செத்த பிறகும் தேசத்துக்குத் தொண்டு செய்யும் பாக்கியம் ஆங்கிலேயனுக்கு வாய்த்திருக்கிறது என்று மூப்பர் கிடியன் ஹார்கட் தேவாலய வாசலில் நின்று முழங்குவார். தொண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிணத்தைக் கம்பளியில் சுற்றிப் புதைக்க வேண்டும். பட்டு கூடாது, மெல்லிய லினன் துணியும் கூடாது. அப்படித்தான் புதைத்தோம் என்று எட்டு நாளுக்குள் ஒருவர் சத்தியமும் செய்ய வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டம் அது. கம்பளி வியாபாரம் படுத்திருந்தது. உயிரோடு இருந்தவர்கள் போதிய அளவு வாங்கவில்லை.

மூப்பருக்குக் கம்பளிக் கிடங்குகள் மூன்று.

அவர் வீட்டில் துணி துவைத்த மார்ஜரியின் தம்பிதான் இந்தக் கதையைச் சொல்வான். அடுப்பைச் சுற்றி ஆட்கள் நெருங்கி உட்கார்ந்த பிறகே வாயைத் திறப்பான். இரவு பதினொரு மணி... கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஆட்டுப் பாதை... என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திவிட்டு, வசந்த காலத்துக்குப் போவான்.

வசந்தத்தில் மூப்பரின் ஆடுகளை மேய்த்த நாதன் டில் செத்துப்போனான். ஊரில் பிணங்களைக் குளிப்பாட்டி உடுத்துகிறவள் அவன் பெண்டாட்டி டாம்சின்தான். புருஷனுக்குக் கல்யாணத்தன்று போட்ட லினன் சட்டையைப் போட்டு அனுப்பினாள். குழிக்கரையில் மூப்பர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“எசமான், வேணாங்க. உசுரோட இருக்கும்போதே அவருக்குக் கம்பளி ஆவாது. ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டுக் கெடப்பாரு.”

“செத்தவனுக்கு என்னம்மா அரிப்பு? அரிச்சா எந்திரிச்சு வந்து என்கிட்ட சொல்லட்டும்.”

“சொல்ல மாட்டாருங்க. அவருக்குப் பேச்சு கம்மி.”

ஊர் பார்க்கச் சட்டையை உருவினார்கள். முரட்டுக் கம்பளியைச் சுற்றினார்கள். சட்டை சாட்சிப் பொருள் என்று மூப்பர் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வாரமே அது சலவைக்கு வந்ததை மார்ஜரி பார்த்தாள். வெளியே தெரியும் இடமெல்லாம் மூப்பருக்குக் கம்பளி. தோலைத் தொடும் இடத்தில் மட்டும் நாதனின் கல்யாணச் சட்டை. அளவும் பொருந்தியிருந்தது.

குழிவெட்டி ஜேபஸ் ஒருநாள் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“டில்லு குழியில சத்தம் கேக்குதுங்க எசமான். சொறியிற மாதிரி.”

“பெருச்சாளிடா. குடிக்கிறதக் கொற.”

“குடிச்சா கேக்கறதில்லீங்க. குடிக்காத அன்னிக்குத்தான் கேக்குது.”

மூப்பர் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி அந்தப் பாதை. அக்டோபர். தேவாலயக் கூட்டம் முடிந்து தனியாக வருகிறார். காற்று இல்லை. நிலா இல்லை. பின்னால்...

வறக்... வறக்...

நின்றார். அதுவும் நின்றது. நனைந்த ஆட்டின் வீச்சம் வந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

நடந்தார். வறக்... வறக்... இப்போது தோளுக்குப் பின்னால்.

“யாரு? டில்லா? நாளைக்கு வா, பேசிக்கலாம்” என்றார், பாக்கிக்காரனிடம் சொல்வதுபோல.

டில்லுக்குத்தான் பேச்சு கம்மியாயிற்றே.

அப்போதுதான் அரிப்பு தொடங்கியது. முதலில் கழுத்து. மேலங்கியைக் கழற்றி எறிந்தார். பிறகு தொடை. காற்சட்டையை எறிந்தார். காலுறை, தொப்பி... எல்லாம் கம்பளி, எல்லாம் அவர் கிடங்குச் சரக்கு. மிஞ்சியது லினன் சட்டை ஒன்றுதான். அது மட்டும் அரிக்கவில்லை. அதை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு ஓடினார்.

பின்னாலிருந்து குளிர்ந்த விரல்கள் கழுத்து நாடாவின் முடிச்சை அவிழ்த்தன. அவசரமே இல்லை. தன் சட்டையை அவிழ்க்கும் ஒருவனின் நிதானம்.

விடிந்தபோது மூப்பர் பள்ளத்தில் கிடந்தார். கண் திறந்தபடி. முதுகின் நட்டநடுவில், சொந்தக் கை எட்டாத இடத்தில், பத்து நகங்களின் கோடுகள். கம்பளித் துணிகள் அரை மைல் தூரம் பாதையில் சிதறிக் கிடந்தன. சட்டை கிடைக்கவேயில்லை.

குளிப்பாட்ட டாம்சின் வந்தாள். “நல்லா முரடாப் பாத்துக் குடுங்க, எசமானுக்குப் புடிச்ச சரக்கு” என்று கிடங்கில் கேட்டு வாங்கினாள். உச்சி முதல் பாதம் வரை இரண்டு சுற்று. கம்பளியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவளே போய்ச் சத்தியமும் செய்தாள்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது உள்ளே... வறக்... வறக்...

ஜேபஸ் பாதிரியாரைப் பார்த்தான். அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

“பெருச்சாளி” என்றார் பாதிரியார். ஜெபத்தை வேகவேகமாகப் படித்தார்.

ஜேபஸ் மண்ணைத் தள்ளினான். பெட்டியைத் திறக்கச் சொல்லி டாம்சின் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. அன்று மாலை நாதன் குழியில் ஜேபஸ் காதை வைத்துப் பார்த்தான். ஏழு மாதத்தில் முதல்முறையாக அங்கே அமைதி.

மூப்பரின் கல்லறையில் ‘கம்பளியின் காவலர்’ என்று பொறித்திருக்கிறார்கள். பள்ளத்தில் கிடந்தபோது அவர் உடம்பில் ஒரு நூல் இல்லை.

அன்று சந்தை நாள்; ஊரே அந்தப் பாதையில்தான் போயிற்று.