இரண்டு கட்சியும் வெடித்த பட்டாசு

பொம்மிடியிலிருந்து கடத்தூர் போகும் பஸ். இரண்டு கட்சி ஊர்வலங்கள் மோதியதில் ஓர் இளைஞன் செத்துப்போனதை விசாரித்த கமிஷனின் இறுதி அறிக்கை முந்தின நாள்தான் வெளியாகியிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஆளுக்கொரு கட்சிக் கரை வேட்டியோடு இரண்டு பேர். சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள்.

"எங்காளுங்க மேல தப்பில்லைனு தெளிவா சொல்லிட்டாங்க."

"முழுசா படிங்க. எங்க மேலயும் ஆதாரம் இல்லைனுதான் போட்டிருக்கு."

"அதுக்குத்தான் நீங்களும் பட்டாசு வெடிச்சீங்களா?"

"நீங்க மொதல்ல வெடிச்சீங்க. நாங்க சும்மா இருந்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்களே."

பக்கத்து சீட்டில் மடியில் காய்கறிப் பையோடு இருந்த அம்மா திரும்பினார்.

"அது நீங்கதானுங்களா? சாவு ஊர்வலம் போவுதுன்னு வூட்டுக்கு வெளிய வந்து பாத்தங்க."

"சாவெல்லாம் இல்லீங்க்கா. கமிஷன் அறிக்கை வந்துச்சில்ல, அதுக்கு வெடிச்சது."

"தெரியுங்க. செத்தது எம் பையன்தான்."

அந்த அம்மாவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"அவனை எடுத்தன்னிக்கி, மறுபடி கலவரம் வரும்னு போலீசு மேளம் அடிக்க வுடல, பட்டாசு வெடிக்க வுடல. சத்தமில்லாம கொண்டுபோய்ப் பொதைச்சோம். நேத்து வெளிய வந்து பாத்தா பொணம் எதுவும் வரல. சரி, அவனுக்குத்தான் இப்ப வெடிக்கறாங்கன்னு வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு உள்ள போயிட்டங்க."