மெயின் ரோடு வரைக்கும்

சிரிங்கம்மா, நல்லா சிரிங்க. பர்தாவுக்குக் கீழ ஷூ போட்டிருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? கட்டுமாவடியில பஸ் ஏறயிலயே கண்டக்டரு குனிஞ்சு பாத்துட்டு, என்னம்மா, டாக்டரு நடக்கச் சொன்னாராங்குறாரு. இல்ல தம்பி, புதுக்கோட்டையில பொம்பளைங்களுக்கு ஓட்டப்பந்தயம் வச்சிருக்காக, அதுக்குப் போறேன்னேன். டிக்கெட்டக் கிழிக்க மறந்துட்டு நின்னாரு.

ஆமா, நானேதான் ஓடப்போறேன். ரசியா பேகம்னு எம் பேரு. பேரன் எடுத்தாச்சு, இருந்தா என்ன?

பழகாமயா? மழை விட்டதுலேருந்து ஓடுறேன். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு, வெளிச்சம் வரவும் எறங்கிருவேன். மொதல்ல முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு. எம் மக ஷமீமா தஞ்சாவூர்ல இருக்கா, அவதான் போன்லயே சொல்லிக் குடுத்தா. எடுத்த எடுப்புல ஓடாதம்மா, கொஞ்சம் நட, கொஞ்சம் ஓடு. மூக்கால மூச்சு வாங்கு. ராத்திரி பரோட்டாவ விட்டுரு. எல்லாத்தையும் விட்டேன். ஒடம்பு சொன்ன பேச்சக் கேட்டுருச்சும்மா. மனசுதான் கேக்கல.

எப்புடிச் சொல்ல... எங்க வீட்டுலேருந்து மெயின் ரோடு வரைக்கும் தென்னந்தோப்புக்குள்ள ஒரு பாதை. அதுலதான் ஓடுவேன். ஒரு எடம் வந்ததும் எங் காலு தானா எக்கித் தாண்டும். கீழ ஒண்ணும் இருக்காது, வெறும் மண்ணு. கொஞ்சம் தள்ளி மறுபடியும் தாண்டும். தோப்புல வேல பாக்குற இன்னாசியம்மா ஒரு நாளு பாத்துட்டு, என்னக்கா, பாம்பான்னா. ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?

மரந்தாம்மா. கஜா புயல்ல விழுந்த தென்ன மரம். எப்பவோ அறுத்து லாரியில ஏத்திட்டாக. எங் காலுக்கு மட்டும் இன்னும் அங்கயே கெடக்குது.

ரோட்டுக்குப் போயி நின்னா அதவிடக் கொடுமை. கை தானா மேல போகும், வண்டிய மறிக்கிற மாதிரி. அன்னைக்கு ஒரு மீன் வண்டிக்காரரு நிறுத்திட்டாரு. எங்கிட்டும்மா போகணும், யாருக்கு என்னன்னு பதறிக் கேக்குறாரு. அவருகிட்டயே தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு அனுப்பிட்டேன்.

ம்... புயல் ஓஞ்ச அன்னைக்கும்மா. எங்க மச்சான், அதான் எங்க வீட்டுக்காரரு அன்வர் பாட்சா, பிஞ்சுபோன கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தாக. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. கரண்டு இல்ல, போனுக்கு டவரு இல்ல. வண்டி வரப் பாதையில்ல, பூரா மரம். ஓடிப்போயி யாரையாச்சும் கூட்டிட்டு வா ரசியான்னாக. ஓடுனேன். தாண்டித் தாண்டி, விழுந்து எந்திரிச்சு. ரோட்டுக்குப் போயிட்டேம்மா, போகாம இல்ல. ஆனா ஒரு ஈ காக்கா இல்ல. அங்கிட்டுப் பாக்குறேன், இங்கிட்டுப் பாக்குறேன், கத்துறேன். யாருமே வரல. திரும்ப வீட்டுக்கு ஓடுனேன். அதுக்குள்ள உசுரு போயி மவுத்தாயிட்டாக.

அட, நீங்க ஏம்மா கண்ணத் தொடைக்கிறீங்க?

பரிசா? அதெல்லாம் சின்னப் புள்ளைகளுக்கு. பந்தயத்துக்குப் பேரு குடுக்கயில, எழுதிக்கிட்ட பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் கடைசியா வந்தாலும், முடியிற எடத்துல ஆளு நிப்பாகளான்னு. எல்லாரும் வர்ற வரைக்கும் நிப்போம்மான்னுச்சு. அது போதும்ல? ஒரு தடவையாச்சும் நான் ஓடிப்போயி நிக்கயில, அங்க ஆளு இருக்கணும்மா.