பதிமூணாவது வளைவுப் பாறை

கொல்லிமலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பதிமூன்றாவது வளைவில் பஸ் திரும்பியபோது, ஜன்னலோரம் இருந்த வளப்பூர்க்காரப் பெண் வெளியே தடுப்புச் சுவரைக் காட்டினார்.

"இந்தச் சுவரு ஞாபகம் வந்திருந்தா எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்திருப்பாருங்க."

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த அரியூர்க்காரர்.

"அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்னிக்கு, இங்க பாறை விழுந்து ரோடு அடைச்சுக்கிச்சுன்னு போன்ல நம்ம மலை குரூப்புல வீடியோ வந்துச்சு. வாசல்ல வந்து நின்ன ஜீப்ப நாந்தான் திருப்பி அனுப்பிச்சேன். பாதி வழியில மாட்டிக்குவோம்னு."

"பாறை விழலீங்களா?"

"அது போன வருச வீடியோங்க. அதுல பழைய கருங்கல்லுச் சுவரு இடிஞ்சு கெடக்குது. இப்பப் பாருங்க, போன வருசமே புதுசாக் கட்டி வெள்ளையடிச்சு நிக்குது. வாரா வாரம் சந்தைக்கு இதே வழியிலதான் போறேன். அன்னிக்கு அது தோணல."

"குரூப்பையும் குத்தஞ் சொல்ல முடியாதுங்க. போன மழைக்கு அதுல வந்த சேதியப் பாத்துத்தான் எங்க புள்ளைங்க மலையேறாம கீழயே தங்கித் தப்பிச்சுதுங்க."

"அதனாலதானுங்க நானும் நம்புனேன்."

பஸ் இன்னும் இரண்டு வளைவு இறங்கியது.

"வீடியோ போட்டவரு என்னங்க சொன்னாரு?"

"அன்னிக்குச் சாயங்காலம் அவரே எங்க ஊட்டுக்காரரு போட்டோவுக்கு மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு அதே குரூப்புல போட்டாரு. அன்னிக்கு அதுல வந்ததுல அது ஒண்ணுதாங்க உண்மை."