இரண்டு பூஜ்யங்கள்

ஹைப்ரிட் கார் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே இரண்டு தடவையாவது எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுவார்கள். காரில் கோளாறு இருக்காது. அது அமைதியாக இருப்பதுதான் அவர்களைப் பயமுறுத்தும். சாதாரண காரில் எஞ்சின் சத்தம் மற்ற எல்லாச் சத்தங்களையும் போர்வை போட்டு மூடிவிடும். ஹைப்ரிட்டில் அந்தப் போர்வை கிடையாது. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்கான விசிறி சுற்றுவது கேட்கும். கதவைத் திறந்ததும் பிரேக் பம்ப் மூன்று நொடி முனகிவிட்டு ஓயும். ஒருவர், "உள்ள பூனைக்குட்டி மாட்டிக்கிச்சுங்க, வண்டியப் பிரிங்க" என்று சண்டைக்கே வந்தார். அது பம்ப் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. போகும்போதும், "எதுக்கும் ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் இயற்பியல் படித்தவள். அங்கே எனக்கு வரவேற்பு மேசையில் ஜாப் கார்டு எழுதும் வேலை. வண்டி எண், ஓடிய தூரம், வந்தவர் சொல்லும் குறை. எனக்கு அதிகம் பேச வராது. கேட்கத் தெரியும்.

எங்கள் ஃபோர்மேனைத் தங்கக்காது என்பார்கள். நீங்கள் அவரை ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள். வண்டியை ஓட்டிப் பார்ப்பார், ஓரமாக நிறுத்துவார், ஒரு கணம் கண்ணை மூடுவார், "பின்னாடி இடது சக்கரம், பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். "தங்கக்காது சார் இருக்காரா? இல்லேன்னா நாளைக்கு வர்றேன்" என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு.

அவருக்குக் காது கேட்காது. பேச்சு கேட்கும். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் போய்விட்டன. இருபத்தைந்து வருடம் ஏர் கன்னால் நட்டு கழற்றினால் அப்படி ஆகும். வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் அதைத் தெரிந்துகொண்டேன். ஒரு வண்டி அவர் முதுகை நோக்கி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் பீப் சத்தம் கொட்டகை முழுவதும் அடித்தது. அவர் நகரவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுநாள், "டெஸ்ட் டிரைவுக்கு நீயும் வாம்மா, கார்டு எழுத ஆள் வேணும்" என்றார்.

ஏற்பாடு அப்படித்தான் வந்தது. அவர் ஓட்டுவார். வாடிக்கையாளர் பக்கத்து சீட்டில். நான் பின்னால், மடியில் கார்டோடு. சத்தம் வரும் இடத்துக்கு ஓர் எண் வைத்திருந்தோம். ஒன்றிலிருந்து நான்குவரை சக்கரங்கள். ஐந்து எஞ்சின், ஆறு பேட்டரி விசிறி, ஏழு பிரேக் பம்ப். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, இயல்பான சத்தம்தான். கார்டின் மூலையில் எண்ணை எழுதுவேன். "எழுதிட்டியாம்மா?" என்று திரும்புவார். மூலையைப் பார்ப்பார். அதன் பிறகுதான் கண்ணை மூடுவார்.

மூன்று வருடம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

மற்றக் கிளைகளுக்குப் பாடம் எடுக்கத் தலைமை அலுவலகம் அவரை அழைத்தது. பாடத்தை நான் எழுதினேன். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் எழுதியதைக் கேட்டு நானும் கைதட்டினேன். அடுத்த மாதம் கோளாறு கண்டறியும் பணிக்கு ஓர் இடம் காலியானது. விண்ணப்பித்தேன். அவருடைய பரிந்துரை வேண்டும் என்றார்கள். அவர் எழுதியது இரண்டே வரி: "பொறுமையானவர். கையெழுத்து மிக அழகாக இருக்கும்." வேலை வேறொருவருக்குப் போனது. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். என் கையெழுத்து அழகானதுதான். அவர் பொய் எழுதவில்லை.

டீச்சர் அவருடைய மனைவி. முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால்தான் பழைய ஹைப்ரிட் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் ஏதோ சத்தம் என்று ஒரு சனிக்கிழமை காலை டீச்சரே கொண்டுவந்தார். மூன்று பேரும் கிளம்பினோம்.

"கேக்குதா? இப்ப வந்துச்சு பாருங்க. உஸ்ஸுன்னு."

"ம்."

"என்ன ம்? ஊரே தங்கக்காதுன்னு தலையில தூக்கி வெச்சு ஆடுது. வீட்டு வண்டின்னா மட்டும் காதுல பஞ்சா?"

"ஓட்டும்போது தொணதொணக்காத. எழுதிட்டியாம்மா?"

எனக்குக் கேட்டது. பிரேக் பம்ப். அது ஓடுவது தப்பில்லை. பிரேக்குக்கான அழுத்தத்தை ஒரு குப்பியில் ஏற்றி வைத்துவிட்டு அது நின்றுவிட வேண்டும். பிரேக்கைத் தொடாதவரை பல நிமிடம் சும்மா இருக்க வேண்டும். டீச்சரின் வண்டியில் நாற்பது நொடிக்கு ஒரு தடவை ஓடியது. குப்பி உள்ளுக்குள் கசிகிறது என்று அர்த்தம். நாளாக ஆக இடைவெளி குறையும். ஒரு நாள் குப்பியில் அழுத்தமே நிற்காது.

பூஜ்யம் எழுதினேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நார்மல். ஹைப்ரிட்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

டீச்சருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தது இவ்வளவுதான்: டீச்சருக்குத் திருப்தி வராது. வேறு இடத்தில் காட்டுவார். அங்கே யாராவது, "இதைப் போய் யாருங்க நார்மல்னு சொன்னது?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு எங்கள் கொட்டகைக்கு வந்து சேரும். தங்கக்காது கழன்று விழும். அதன் பிறகு யாருடைய காது என்று கேட்பார்கள்.

ஆனால் டீச்சர் வேறெங்கும் போகவில்லை. புருஷனை நம்பினார். இரண்டு வாரம் கழித்து எங்களிடமே திரும்பி வந்தார். இடைவெளி பத்தொன்பது நொடி ஆகியிருந்தது. மறுபடி பூஜ்யம் எழுதினேன். வீட்டில் என் நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டேன். நாற்பது, பத்தொன்பது. இரண்டு புள்ளி இருந்தால் ஒரு கோடு போடலாம். போட்டேன். எப்போது முடியும் என்று கோடு சொன்னது.

மூன்றாவது தடவை டீச்சர் தனியாக வந்தார். சாப்பாட்டு நேரம். கொட்டகையில் ஆள் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"அவருக்குக் காது சரியில்லன்னு நேத்து ராத்திரிதான் எங்கிட்டயே ஒத்துக்கிட்டாரு. இத்தனை வருஷமா நீ எழுதினதத்தான் வாசிச்சிட்டிருந்தாராம். சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. உன்னைப் பத்தி மேல எழுதிக் கொடுக்கணும், அந்தப் பொண்ணுக்குப் பாவம் பண்ணிட்டேன்னாரு."

நான் கார்டுகளை அடுக்கினேன்.

"அதான் நேரா உங்கிட்டயே கேக்கறேன். வண்டிய வாசல்லதான் நிறுத்தியிருக்கேன். நீயே ஒரு தடவை கேட்டுச் சொல்லும்மா. நார்மல்தானா?"

போய் உட்கார்ந்தேன். டீச்சர் ஸ்விட்சைப் போட்டார். ஒன்பது நொடி.

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் விரும்பியது நடந்துவிட்டிருந்தது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஏழு என்று சொன்னால் போதும், பகல் மூன்று மணிக்குள் குப்பியை மாற்றியிருப்பார்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு பூஜ்யங்கள் இருந்தன. அதுவரை தப்பெல்லாம் தங்கக்காதின் தப்பு. இப்போது யாருடைய காது என்று எல்லோருக்கும் தெரியப்போகிறது. மூன்று வருடத்தில் முதல் முறையாக என் பெயர் எழுதப்படும்போது, அது ஒரு பிழைக்கு எதிரே எழுதப்படும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிழைகூட நான் செய்ததில்லை. இரண்டு தடவையும் எனக்குச் சரியாகத்தான் கேட்டது.

"சார் சொன்னதுதான் டீச்சர். நார்மல்" என்றேன்.

"அப்பாடா" என்றார் டீச்சர். "நீ சொல்லிட்டா சரி." என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கூடச் சரிவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்குமே என்று கேட்டீர்கள். எரியும், கடைசியில். அப்போது பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் முழுதாகப் போயிருக்காது. இருக்கும் பலத்தையெல்லாம் காலில் இறக்கி மிதித்தால் வண்டி நிற்கும். முழங்கால் நன்றாக இருப்பவர்களால் முடியும். கீழே சந்திப்பில் லாரி நின்றுகொண்டிருந்தது.

நான் எழுதி வைத்த தேதிக்கும் அதற்கும் ஒரு நாள்தான் வித்தியாசம்.

நீங்கள் கூப்பிடாமல் நான் ஏன் வந்தேன் என்று பக்கத்தில் இருக்கும் இந்தக் கான்ஸ்டபிள் அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்கிறேன். அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கொட்டகையில் எல்லோரும் படித்துவிட்டார்கள். "என் செவிக் குறைபாட்டை மறைத்தேன். சத்தத்தை நானே தவறாகக் கணித்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை." மெக்கானிக்குகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரிய மனுஷன், கூடவே போய்க் கார்டு எழுதின அந்தப் பொண்ணு பேரை இழுக்காமலே விட்டுட்டாரு பாரு என்றார்கள். நானும் தேடினேன். இரண்டு பக்கத்தில் என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

அதனால்தான் நோட்டைக் கொண்டுவந்தேன். நாற்பது, பத்தொன்பது, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. வேண்டுமானால் பம்பைச் சோதித்துப் பாருங்கள், எண்கள் சரியாக இருக்கும். அவருக்கு அது கேட்கவே இல்லை. கேட்காத சத்தத்தை அவர் எப்படித் தவறாகக் கணிக்க முடியும்? உங்கள் அறிக்கையில் இதை மட்டும் திருத்திவிடுங்கள்.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தது நான்.