கூமாப்பட்டியிலிருந்து மார்க்கோ

— தப்பு. மறுபடி சொல்லு. கோமே தி கியாமி?

— மி கியாமோ மார்க்கோ.

— ஏலே இருளப்பா, உன் பேரு மார்க்கோவால?

— டிவியில அந்தாளு அப்படித்தான சொன்னான், கபீரு.

— அவன் பேரு மார்க்கோ, அவன் சொன்னான். நீ உன் பேரைச் சொல்லு.

— நான் மனப்பாடமாப் படிச்சு வச்சிருக்கேன் மாப்ள. நடுவுல ஒண்ணை உருவுனா அம்புட்டும் சரிஞ்சிரும், சத்தியமா.

— சரி, அடுத்தது. எந்த ஊரு? தி தோவே ஸேய்?

— சோனோ தி ரோமா.

— கூமாப்பட்டின்னு சொல்லுல!

— ரோமாபுரிக்காரன்கிட்டப் போயி கூமாப்பட்டின்னா அவனுக்கு எந்தப் பக்கம்னு தெரியும்? வத்திராயிருப்புக்கு அங்கிட்டுன்னு இத்தாலி பாசையில எப்படிச் சொல்ல?

— ஏலே, ரெண்டு பேரும் கத்தாதிய. திருப்பிப் போடவா, வேண்டாமா? இதோட அஞ்சு தடவை ரிவைண்டு பண்ணியாச்சு. எங்க வீட்டுக்காரரு ஜித்தாவுலருந்து மடியில வச்சுக் கொண்டாந்த வீடியோ டெக்கு. பட்டன் தேஞ்சு போனா நீங்களா வாங்கித் தருவிய?

— செத்த பொறு, மாஜிதாக்கா. இவன் ஆறாம் பாடத்தைத் தாண்டட்டும்.

— எனக்கென்னல கபீரு. ஆனா ஒண்ணு கேக்கேன். ஆறு மாசம் மிஷினு வேலை படிக்க உங்க மில்லுலருந்து இத்தாலிக்கு ஒரே ஒராளைத்தான் அனுப்புதாவ. போட்டி உனக்கும் இவனுக்கும். இவனை உக்கார வச்சு நீயே ஏன் சொல்லிக் குடுக்க? நாளைக்கு மேனேசரு இவனைக் கை காட்டிட்டா?

— காட்ட மாட்டாருக்கா. இங்க பாரு, புது மிஷினு மாட்ட வந்த வெள்ளைக்காரன்கிட்ட மில்லுல பேசுனது யாரு? நானு. இந்தப் பாடக் கேசட்டை யாரு கையில குடுத்துட்டுப் போனான்? என் கையில.

— அப்ப இவன் எதுக்கு?

— தனியாப் படிச்சா நாக்கு திரும்பாதுக்கா. கேக்க ஒராளு வேணும், சொல்ல ஒராளு வேணும்.

— கேட்டியால இருளப்பா? நீ சும்மா பேச்சுத் துணையாம்.

— இருக்கட்டும்க்கா.

— என்ன இருக்கட்டும்? மூணு நாளா இப்படித்தான் தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்க. டீயில ஆடை படிஞ்சு போச்சு, குடிச்சபாடில்ல. இவன் என்னடான்னா ஒரு வருசமா இத்தாலி இத்தாலின்னு பொலம்புதான். போன மாசமே பெட்டி வாங்கியாச்சு. இல்லேன்னு ஆயிட்டா இந்தப் பய தாங்க மாட்டாம்ல.

— யக்கா, நீ சும்மா இரு. இங்க பாரு, இருளப்பா. இந்தப் பாடத்துல கடைசிக் கேள்வி. மார்க்கோ பதிலு கூடாது, சொந்தப் பதிலு. குவாந்தோ பார்த்தி? எப்பக் கிளம்புத? சொல்லுல. ஞாயித்துக்கிழமைன்னு அவன் சொன்னான். நீ வேற ஏதாச்சும் சொல்லு.

— இல் குவத்தோர்திச்சி.

— அப்படிப் போடு! பதினாலாந்தேதி! கேட்டியாக்கா, மொத மொதல்ல சொந்தமா ஒண்ணு சொல்லிட்டான். ஆமா, அதென்னல பதினாலு?

— டிக்கெட்டு போட்டாச்சு, மாப்ள. வியாழக்கிழமையே மேனேசரு கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

— திங்கக்கிழமைதான சொல்லுவேன்னாரு?

— அது மத்தவங்களுக்கு. மிஷினைப் பிரிச்சு மாட்டுறதுல என் கைதான் வேகமாம். பேச்சை அங்க போயிப் படிச்சுக்கிடலாமாம். யாருகிட்டயும் மூச்சு விடாதன்னாரு, சத்தியமா.

— நல்லா இருக்குல! வியாழக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் வெள்ளி, சனி, இன்னைக்குன்னு எங்க வீட்டுக்கு வந்து, எங்க டெக்குல பாத்து, இந்தப் பயகிட்டயே படிச்சிருக்க. உனக்குக் கூசலையால?

— கூசுச்சுக்கா. அதான் டீ எறங்கலை. சொல்லிட்டா கபீரு பொறவும் சொல்லிக் குடுப்பானா? டிவியில கீழ ஓடுற இங்கிலீசு எழுத்தை எனக்கு வாசிக்கவும் தெரியாது. ஆறு மாசம் ஊமையாட்டம் நிக்கணும்.

— நில்லு. எனக்கென்ன. நான் டெக்கை அமத்துதேன், நீ எந்திரிச்சுப் போ. உங்க ஊருப் பக்கம் போற வத்திராயிருப்பு பஸ்ஸு இந்நேரம் ஸ்டாண்டுலதான் நிக்கும்.

— போறேன்க்கா. கபீரு, ஏலே, வையவாவது செய்யி மாப்ள.

— டெக்கை அமத்தாதக்கா. அடுத்தது ஆஸ்பத்திரிப் பாடம். அங்க காய்ச்சல் கீய்ச்சல்னு படுத்தா, எங்க வலிக்குன்னு இவன் எப்படிச் சொல்லுவான்?