பேர் கிழித்த குழாய்

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில் மதிய வெயில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில், லேப் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

"குழாய்ல ஒட்டியிருக்கிற பேரைக் கிழிச்சுப் போட்டுட்டுதான் ரத்தத்தைப் பாக்கணும் அக்கா. அதான் ரூல்."

"எந்த ரத்தம்?"

"கர்ப்பிணிங்ககிட்ட வேற டெஸ்டுக்கு எடுத்ததுல மீந்தது. இந்தப் புது நோய், எய்ட்ஸ், ஊருக்குள்ள வந்துடுச்சான்னு பாக்கத்தான். யாருக்குன்னு பாக்க இல்ல."

"வந்துடுச்சா?"

"ஒரு குழாய்ல இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"அதை மெஷின் சொல்லாது. போன மாசமோ, போன வருஷமோ."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல அசைந்தன.

"எண்ணிக்கைக்கு ஒரு குழாய் குறைஞ்சதுன்னு என் ரத்தத்தையும் பேரில்லாம அந்தக் குழாய்ங்களோட வச்சிருந்தேன் அக்கா."

தோழி அவள் கையைப் பிடித்தாள். "எதுக்கு அப்படிப் பண்ணே?"

"கணக்கு சரியா இருக்கணுமேன்னுதான். அப்புறம் என் பேரைப் போட்டே தனியாப் பாத்தேன். எனக்கு இல்ல."

"அப்பாடா."

"நானும் அப்படித்தான் சொன்னேன். அன்னிக்கு நல்லாத் தூங்கிட்டேன்." அவள் கோட்டின் மடிப்பைத் தடவினாள். "அப்படின்னா அது யாரோ ஒரு பிள்ளைத்தாச்சி. எதிர்ல வந்தாலும் எனக்குத் தெரியாது."

அடுத்த நிறுத்தத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி ஏறினாள். காலி சீட்டுகள் இருந்தன. இருந்தும் லேப் கோட்டுக்காரி எழுந்து இடம் விட்டாள்.