கண் ஆபரேசனுக்குப் பிறகு தெரிந்த முடி

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறு பேரையும் நானே ஆளாக்கினேன். போன செவ்வாய்க்கிழமை தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலைப்பாதை பஸ்ஸில் வரும்போது, முன் சீட்டில் இருந்த இரண்டு எஸ்டேட் பெண்கள் பேசியதைப் பேத்தியிடம் சொல்லி எழுத வைக்கிறேன். மூத்தவளுக்குக் கண் ஆபரேசன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“கட்டு அவுத்ததும் கண்ணாடியப் பாத்தேன் கனகு. தாடையில ஏழு முடி, ஆம்பளைக்கு மொளைக்கிற மாதிரி! எத்தனை வருசமா இருக்கு?”

“நாலஞ்சு வருசம் இருக்கும்க்கா.”

“புருவம் கொட்டிருச்சு. கால்லயும் கக்கத்துலயும் ஒண்ணு இல்ல. எல்லாம் பொறப்பட்டு தாடைக்கா வரணும்?”

“தீட்டு நின்னா அப்படித்தான்லா. எல்லாருக்கும் வரும்னு கிளினிக் நர்சு சொன்னாங்க.”

“இதோடதான் மவன் கல்யாணத்துல மேடையில நின்னேன். தினமும் எதிர்ல உக்காந்து சோறு தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியாடி?”

கனகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உன் வீட்டுக்காரரு செத்து ஒரு வருசம் கழிச்சுத்தான் அதப் பாத்தேன். அப்பத்தான் நீ லயத்து வீட்ட விட்டு வெளிய வர ஆரம்பிச்ச. சொல்லியிருந்தா மறுபடி உள்ள போயி கதவச் சாத்திருப்ப.”

இரண்டு வளைவு தாண்டிய பிறகு மூத்தவள் கனகுவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“உனக்கும் ரெண்டு இருக்கு. நான் பாத்ததும் சொல்லிட்டேன்ல? ஆடாத, பஸ்ஸு நிக்கட்டும், புடுங்கி விடுறேன்.”

பேத்தி, இதை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. சிரிக்காமல் வாசி.